ட்ரீம்11 வருவதற்கு 50 வருஷம் முன்பே... கால்ஃப் ஸ்கோரை வைத்து நண்பர்களைச் சேர்த்த பில் விங்கன்பாக் யார்?

2025 ஆகஸ்ட் 22. ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டத்துக்கு குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த நாள். காசு கட்டி டீம் போடும் போட்டிகளை ட்ரீம்11 உள்ளிட்ட ஆப்கள் நிறுத்தின. இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்தும் ட்ரீம்11 பெயர் காணாமல் போனது.

பல ஆயிரம் கோடி ரூபாய் புழங்கிய இந்தத் தொழிலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி இருக்கு. அது மும்பையிலும் இல்லை, கிரிக்கெட்டிலும் இல்லை. அமெரிக்காவில் ஒரு துறைமுக ஊரில், 1950-களின் கடைசியில், கால்ஃப் ஸ்கோரைக் கூட்டிக் கழித்து நண்பர்களோடு விளையாடிய ஒரு மனிதரிடம் இருந்து அது ஆரம்பிக்குது.

அவர் பெயர் வில்ஃப்ரெட் விங்கன்பாக். ஊரில் எல்லாரும் கூப்பிட்டது பில். ஃபேன்டசி விளையாட்டின் தந்தை என்று இன்று அவரைச் சொல்றாங்க. ஆனால் அவர் உருவாக்கியதும், நம்ம ஃபோனுக்குள்ள வந்து சேர்ந்ததும் ஒண்ணுதானா?

யார் இந்த பில் விங்கன்பாக்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இருக்கும் ஓக்லாண்ட் நகரம்தான் பில் விங்கன்பாக்கின் ஊர். அவர் விளையாட்டு வீரர் இல்லை. பத்திரிகையாளரோ கணக்குப் பேராசிரியரோ இல்லை. தொழிலதிபர். டைல்ஸ் தொழில் செய்தவர். ஆனால் விளையாட்டு என்றால் உயிர்.

ஓக்லாண்டை நம்ம ஆட்களுக்குப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். அது அமெரிக்காவின் வட சென்னைன்னு வெச்சுக்கலாம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பளபளப்பான சான் ஃபிரான்சிஸ்கோ. இந்தப் பக்கம் கிரேன்களும், சரக்கு ரயிலும், தொழிற்சாலைகளும், உழைக்கும் குடும்பங்களும் நிறைந்த ஓக்லாண்ட். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்து கிளம்பியது போல, அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் ரயில் பாதையின் மேற்கு முனையாக 1869-ல் அமைந்த ஊர் ஓக்லாண்ட். பேரும் புகழும் எதிர்க்கரைக்குத்தான் போகும். வேலை மட்டும் இங்கே நடக்கும்.

1960-ல் இந்த ஊருக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற புதிய போட்டித் தொடரில் கடைசி நேரத்தில் ஓக்லாண்டுக்கு ஒரு அணி ஒதுக்கப்பட்டது. அதுதான் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ். இந்த அணியில் சிறு பங்கு வைத்திருந்தவர்களில் பில் விங்கன்பாக்கும் ஒருவர்.

கௌரவம் கிடைத்ததே தவிர, ஆட இடம் இல்லை. ஓக்லாண்டில் தகுந்த மைதானம் இல்லாததால் முதல் 2 வருஷம் ரெய்டர்ஸ் தன் சொந்த ஊர் ஆட்டங்களையே எதிர்க்கரை சான் ஃபிரான்சிஸ்கோவில் போய் ஆடியது. 1962-ல்தான் ஊருக்குள் ஒரு தற்காலிக மைதானம் கிடைத்தது.

முதலில் வந்தது கால்ஃப்தான்

பில் விங்கன்பாக்கின் பெயர் அமெரிக்க ஃபுட்பாலோடுதான் அதிகம் பேசப்படுது. ஆனால் அதுக்கு முன்னாடியே, 1950-களின் இறுதியில், அவர் கால்ஃபை வைத்து ஒரு ஆட்டத்தை உருவாக்கிவிட்டார்.

ஆட்டம் இதுதான். ஒரு பெரிய கால்ஃப் போட்டி வருது. நண்பர்கள் ஒவ்வொருவரும் அதில் ஆடப்போகும் தொழில்முறை வீரர்களில் சிலரைத் தன் அணியாகத் தேர்வு செய்யணும். போட்டி முடிந்ததும், அந்த வீரர்கள் எடுத்த மொத்த அடிகளைக் கூட்டணும். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ, அவர்தான் ஜெயித்தவர். அவ்வளவுதான்.

கால்ஃபில் ஏன் குறைவான ஸ்கோர் ஜெயிக்குது? பந்தைக் குழிக்குள் போட எத்தனை அடி அடிச்சோம் என்பதுதான் கணக்கு. குறைவான அடியில் முடிப்பவர்தான் கெட்டிக்காரர். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். மேஜர் என்று சொல்லப்படும் பெரிய போட்டிகளில் 4 சுற்றுகள், மொத்தம் 72 குழிகள். நல்ல வீரர் ஒரு சுற்றை 70 அடி அளவில் முடிப்பார். 4 சுற்றும் சேர்த்தால் 280-க்கு அக்கம்பக்கம் வரும்.

மேஜர் போட்டிகள் மொத்தம் 4. மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். இதில் பி.ஜி.ஏ. மட்டும் 1957 வரை இருவர் இருவராக மோதும் நாக்-அவுட் முறையில் நடந்தது. 1958-ல் அதுவும் மொத்த அடிகளை எண்ணும் முறைக்கு மாறியது. அதாவது, பில் விங்கன்பாக் இந்த ஆட்டத்தை யோசித்த அதே காலகட்டத்தில், 4 மேஜர்களிலும் கூட்டிப் பார்க்கக்கூடிய ஸ்கோர் கிடைக்க ஆரம்பித்தது.

அது கால்ஃப் அமெரிக்க வீடுகளுக்குள் டிவி வழியாக நுழைந்த காலமும்கூட. 1958-ல் ஆர்னால்ட் பால்மர் தன் முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 1960-ல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன் இரண்டையும் ஒரே வருஷத்தில் அடித்தார். 1962-ல் ஜாக் நிக்லாஸ் என்ற இளைஞர் யு.எஸ். ஓப்பனை வென்று உள்ளே வந்தார். யாரை எடுக்கலாம்னு நண்பர்கள் சண்டை போட, பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

எப்படி விளையாடுவாங்க? ஒரு சின்ன உதாரணம்

அத்திப்பட்டு புதுநகரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு டீக்கடையில் சேரும் 4 நண்பர்கள் இந்த ஆட்டத்தை ஆடுறாங்கன்னு வெச்சுப்போம். ஆளுக்கு 3 வீரர்கள். ஒருத்தர் எடுத்த வீரரை இன்னொருத்தர் எடுக்கக்கூடாது. சீட்டுக் குலுக்கி யார் முதலில் எடுக்கணும்னு முடிவு பண்றாங்க.

முதல் நண்பர் எடுத்த 3 பேரின் 4 நாள் ஸ்கோர்: 282, 285, 279. கூட்டினால் 846.

இரண்டாவது நண்பர் எடுத்த 3 பேர்: 276, 290, 284. கூட்டினால் 850.

276 அடித்தவர்தான் அந்தப் போட்டியின் சாம்பியன். ஆனாலும் அவரை வைத்திருந்த இரண்டாவது நண்பர், முதல் நண்பரிடம் 4 அடி வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஏன்? சாம்பியனைத் தவிர மத்த 2 பேர் சொதப்பிட்டாங்க.

இந்த ஆட்டத்தோட ருசியே இங்கதான் இருக்கு. யார் ஜெயிப்பார்னு மட்டும் சொன்னா போதாது. 40-வது இடத்தில் தள்ளாடும் வீரர் கடைசிக் குழியில் ஒரு அடி மிச்சம் பிடித்தாலும், உங்களுக்கு அது திருவிழா. டிவியில் யாரும் கண்டுகொள்ளாத அந்த வீரருக்காக நீங்க மட்டும் எழுந்து நின்னு கத்துவீங்க. பக்கத்தில் இருப்பவர் ஒண்ணும் புரியாமல் பார்ப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேஜர் போட்டிகளில் முதல் 2 நாள் முடிந்ததும், பின்தங்கிய வீரர்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க எடுத்தவர் அதில் மாட்டினால் மீதி 2 நாள் ஸ்கோரே வராது. அதுக்கு என்ன செய்யலாம்? ஒவ்வொரு நண்பர் கூட்டமும் தனக்குன்னு ஒரு விதி வெச்சுக்கும். சிலர், மீதி ஒவ்வொரு நாளுக்கும் 80 அடின்னு தண்டனை போடுவாங்க. எந்த விதியாக இருந்தாலும், போட்டி தொடங்கும் முன்பே எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கணும். இல்லைன்னா டீ கிளாஸ் பறக்கும்.

இணையம் இல்லாத காலத்தில் இதுக்கெல்லாம் ஆதாரம் செய்தித்தாள்தான். மறுநாள் காலை பேப்பரில் ஒவ்வொரு வீரரின் ஸ்கோரும் வரிசையாக வந்துவிடும். பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் போதும். இப்படி ஒரு ஆட்டத்துக்கு கால்ஃப் பொருத்தமாக இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். டீம் கிடையாது, ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாக ஒரே ஒரு எண்.

பிறகு பேஸ்பாலுக்கும் இதே மாதிரி ஒரு ஆட்டத்தை பில் விங்கன்பாக் வடிவமைத்தார்.

கொல்கத்தா பெயரில் ஒரு பந்தயம்

கால்ஃபை வைத்துப் பந்தயம் கட்டுவது பில் விங்கன்பாக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அதுக்கு முன்பே அமெரிக்க கால்ஃப் கிளப்களில் ஒரு பழக்கம் கொடிகட்டிப் பறந்தது. அதன் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க: கால்கட்டா.

பிரிட்டிஷ் காலத்துக் கல்கத்தாவில் நடந்த பந்தய ஏலத்தில் இருந்து வந்த பெயர் இது. போட்டிக்கு முந்தைய நாள் வீரர்களை ஏலம் விடுவாங்க. அதிக விலை கேட்பவருக்கு அந்த வீரர் சொந்தம். ஏலத்தில் சேர்ந்த மொத்தப் பணமும் ஒரே உண்டியலில் போகும். ஜெயித்த வீரரை ஏலத்தில் எடுத்தவருக்கு அதில் பெரிய பங்கு.

உண்டியல் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் பெரிதானது. 1955-ல் நியூயார்க் அருகே உள்ள டீப்டேல் கால்ஃப் கிளப்பில் நடந்த கால்கட்டா போட்டியில், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் தங்களைச் சுமாரான ஆட்டக்காரர்கள் போலக் காட்டி, அதற்கான ஸ்கோர் சலுகையை வாங்கி ஜெயித்தது அம்பலமானது. நாடு முழுக்க அது பெரிய சர்ச்சை. அதன் பிறகு அமெரிக்க கால்ஃப் சங்கம் இந்த ஏலப் பந்தயங்களுக்கு எதிராக நின்றது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பில் விங்கன்பாக்கின் ஆட்டம் எவ்வளவு சாதுவானதுன்னு புரியும். ஏலம் இல்லை. ஆடுகிற வீரருக்கும் உண்டியலுக்கும் சம்பந்தம் இல்லை. யார் வீரர்களை நல்லா புரிஞ்சு வெச்சிருக்காங்க என்பதுதான் போட்டி.

1962: தோற்று வந்த அணி, நியூயார்க்கில் மழை இரவு

1962-ல் ரெய்டர்ஸ் அணியின் நிலைமை பரிதாபம். வரிசையாக 13 ஆட்டங்களில் தோல்வி. கடைசி ஆட்டத்தில் மட்டும் ஒரு வெற்றி.

அந்தத் தோல்விகளுக்கு நடுவே அணி கிழக்குக் கடற்கரைப் பக்கம் நீண்ட பயணம் போனது. பில் விங்கன்பாக்கும் கூடப் போனார். நியூயார்க்கில் ஒரு ஹோட்டல். வெளியே மழை. அணியின் மக்கள் தொடர்பு அதிகாரி பில் டன்னல், ஓக்லாண்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் செய்தியாளர் ஸ்காட்டி ஸ்டிர்லிங் இருவரும் அவரோடு உட்கார்ந்தார்கள்.

தங்கள் அணி ஜெயிக்கப்போவதில்லை என்பது மூவருக்கும் தெரியும். அப்போ மீதி சீசனை எதுக்குப் பார்ப்பது? கால்ஃபில் செய்ததை ஃபுட்பாலில் செய்தால் என்ன என்ற பேச்சு வந்தது. எந்த அணி ஜெயித்தாலும் பரவாயில்லை, நாம் தேர்வு செய்த வீரர் புள்ளி எடுக்கிறாரா என்று பார்க்கலாமே! அன்று இரவே விதிகளை எழுத ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஃபுட்பால், கால்ஃப் போல ஒரே எண்ணில் அடங்காது. ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் பிடிப்பார், ஒருவர் ஓடுவார், ஒருவர் உதைப்பார். யாருக்கு எத்தனை புள்ளி? அதுக்குத்தான் மூணு பேர் மூளையும் தேவைப்பட்டது. ஊர் திரும்பியதும் ட்ரிப்யூன் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஜார்ஜ் ராஸும் சேர்ந்துகொண்டார்.

1963: வீட்டுக்குள் நடந்த முதல் தேர்வு

1963 ஆகஸ்ட். ஓக்லாண்டில் பில் விங்கன்பாக் வீட்டில் நண்பர்கள் கூடினார்கள். உலகின் முதல் ஃபேன்டசி ஃபுட்பால் லீகின் வீரர் தேர்வு அங்கேதான் நடந்தது. மொத்தம் 8 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 20 வீரர்கள். லீகின் தலைவர் பில் விங்கன்பாக்.

அதில் சேர எல்லாராலும் முடியாது. லீக் நிர்வாகத்தோடு தொடர்பு இருக்கணும், அல்லது தொழில்முறை ஃபுட்பாலை எழுதும் பத்திரிகையாளராக இருக்கணும், அல்லது ரெய்டர்ஸ் அணியின் 10 சீசன் டிக்கெட்டுகளை வாங்கியோ விற்றோ இருக்கணும். காலியாகக் கிடக்கும் மைதானத்தை நிரப்ப, நண்பர்கள் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வழி வைத்துவிட்டார்கள்!

முதல் வாய்ப்பு ஸ்காட்டி ஸ்டிர்லிங், ஆண்டி முசலிமஸ் ஜோடிக்குக் கிடைத்தது. அவர்கள் எடுத்தது ஹூஸ்டன் அணியின் ஜார்ஜ் பிளாண்டாவை. 1961-ல் 36 டச்டவுன் பாஸ்கள் எறிந்து சாதனை வைத்திருந்தவர். அப்போது ஜிம் பிரவுன் என்ற ஜாம்பவான் இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் இருந்தார். அந்த சீசனில் ஜிம் பிரவுன் 1,863 கெஜம் ஓடி, அதுவரை யாரும் செய்யாத சாதனையைப் படைத்தார். உலகின் முதல் ஃபேன்டசி ஃபுட்பால் தேர்வே ஒரு கோட்டைவிட்ட தேர்வு. இன்று டீம் போட்டுவிட்டு தலையில் அடித்துக்கொள்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

காசு உண்டா? உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு டச்டவுனுக்கு 50 சென்ட், 25 சென்ட் என்ற கணக்கில் சில்லறை கைமாறியது. சீசன் முடிவில் தோற்றவர் கொடுப்பார், ஜெயித்தவர் வாங்குவார். இருவரும் அடுத்த வாரமும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள்.

உண்மையான தண்டனை வேறு. கடைசி இடம் பிடித்தவருக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். மரத்தில் செய்த ஃபுட்பால் முகம், அதன் தலையில் மக்கு மாணவனுக்குப் போடும் கூம்புத் தொப்பி. அதை வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அடுத்த வருஷம் வரை வைத்திருக்கணும். வர்ற விருந்தாளி கேட்டால் விளக்கம் சொல்லணும். ஒரு வருஷம் முழுக்க மானம் போகும், ஆனால் வீடு போகாது.

நண்பர் வட்டத்தில் இருந்து ஊருக்கு

ஆண்டி முசலிமஸ் பின்னாளில் ஓக்லாண்டில் கிங்ஸ் எக்ஸ் என்ற மது விடுதியை நடத்தினார். 1969-ல் அங்கே வரும் வாடிக்கையாளர்களுக்காக இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். 8 பேர் ஆடிய ஆட்டம் விடுதி முழுக்கப் பரவியது. அங்கே நடந்த வினாடி வினா போட்டிகளுக்கு வந்தவர்கள், இந்த ஐடியாவைத் தங்கள் ஊருக்கும் எடுத்துப்போனார்கள்.

இதே காலத்தில் வேறு ஊர்களிலும் இதே போன்ற யோசனைகள் முளைத்தன. 1960-ல் ஹார்வர்டில் இருந்த வில்லியம் கேம்சன் என்ற சமூகவியலாளர், சக பேராசிரியர்களோடு பேஸ்பால் வீரர்களை வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார். அந்த வழியில் கேள்விப்பட்ட டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர், 1980-ல் நியூயார்க்கில் ஒரு உணவகத்தில் நண்பர்களைச் சேர்த்து பேஸ்பால் லீக் தொடங்கினார். அந்த நண்பர்களில் பலர் பத்திரிகைத் துறையினர் என்பதால் அது நாடு முழுக்க எழுதப்பட்டது.

எல்லாக் கதைகளிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், துறைமுக ஊர் தொழிலதிபர்னு ஆட்கள்தான் வேற வேற. எல்லா இடத்திலும், ஒரு மேஜையைச் சுற்றி ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பில் விங்கன்பாக் இந்த யோசனையை விற்று பணக்காரர் ஆகவில்லை. 1982-ல் ரெய்டர்ஸ் அணி ஓக்லாண்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. ஊர் மனசு உடைந்தது. 1993-ல் பில் விங்கன்பாக் காலமானபோதும் அணி ஊர் திரும்பியிருக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய 8 அணி லீக் ஊரை விட்டுப் போகவில்லை. அரை நூற்றாண்டைக் கடந்தும் அது நடந்தது.

இணையம் வந்த பிறகு என்ன ஆச்சு?

1990-களில் கணக்குப் போடும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. 1999-ல் யாஹூ இலவசமாகவே ஃபேன்டசி லீக் நடத்தும் வசதியைக் கொடுத்தது. பென்சிலும் பேப்பரும் தேவையில்லை என்றானது.

இந்தியாவில் 2008-ல் ஹர்ஷ் ஜெயின், பவித் ஷேத் இருவரும் ட்ரீம்11-ஐத் தொடங்கினார்கள். 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், இது அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு வளர்ச்சி வேகம் எடுத்தது. 2020 ஐ.பி.எல். தொடரின் பெயரிலேயே ட்ரீம்11 ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு பக்கம் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்தபடி இருந்தன. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025-ல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்ற விதி வந்தது.

கடைசியாக 2025 ஆகஸ்ட்டில் மத்திய சட்டம் வந்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே இடமில்லாமல், பணம் கட்டி பணம் ஜெயிக்கும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் அது தடை செய்தது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

அப்போ என்னதான் மாறிச்சு?

விதிகளைப் பார்த்தால் பெருசா எதுவும் மாறலை. வீரர்களைத் தேர்வு செய், ஸ்கோரைக் கூட்டு, ஒப்பிடு. 1950-களின் கடைசியில் பில் விங்கன்பாக் கால்ஃபுக்கு வகுத்த அதே மூன்று படிகள்தான். ஆனால் அதைச் சுற்றி இருந்த 4 விஷயங்கள் மாறிடுச்சு.

முதலாவது, எதிராளி. அங்கே எதிரில் இருந்தவர் நண்பர். நீங்க நிலைதடுமாறினால், போதும்ப்பா எழுந்துருன்னு சொல்ல அவரால் முடியும். ஆப்பில் எதிரில் இருப்பது லட்சக்கணக்கான முகம் தெரியாத கணக்குகள்.

இரண்டாவது, நடுவில் இருப்பவர். நண்பர்கள் ஆட்டத்தில் கமிஷன் எடுக்க யாரும் கிடையாது. 8 பேரிடம் சேர்ந்தது 8 பேருக்கே திரும்பும். ஆப்பில் யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போய்விடும். அப்படியானால் ஆடுபவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் போட்டது முழுசா திரும்பி வராது.

மூன்றாவது, முடிவு. கால்ஃப் மேஜர் 4 சுற்றில் முடியும். அடுத்த மேஜருக்குக் காத்திருக்கணும். வருஷத்துக்கு 4 தடவைதான். ஆப்பில் ஒரு ஆட்டம் முடியும் முன் அடுத்தது வந்து நிற்கும். விட்டதைப் பிடிக்கலாம் என்ற ஆசைக்கு இடைவேளையே கிடைக்காது.

நான்காவது, தோல்வியின் விலை. கூம்புத் தொப்பி கோப்பையைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பார்கள். தோற்றவரும் கூடச் சிரிப்பார். ஃபோனில் தோற்றவர் அதை யாரிடமும் சொல்லாமல் மறைப்பார். மறைக்க மறைக்கத்தான் கடன் வளரும்.

இன்னைக்கு இதை ஆட முடியுமா?

தாராளமா முடியும். பணம் கட்டாமல் நண்பர்களுக்குள் கணக்கு வைத்து விளையாடுவதை மத்திய சட்டம் தடுக்கவில்லை. அது குறிவைப்பது, காசு கட்டி காசு எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டங்களைத்தான்.

கால்ஃப் தெரிந்திருக்கணும் என்ற அவசியமும் இல்லை. சென்னையில் கால்ஃப் என்றால் கிண்டி பக்கம்தான் நினைவுக்கு வரும். அத்திப்பட்டிலோ எண்ணூரிலோ அந்த மட்டையைக் கையில் பிடித்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் ஸ்கோரைப் படிக்கத் தெரிந்தால் போதும். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறினால், இறங்குறதுக்குள்ள விதியைப் புரிஞ்சுக்கலாம்.

அடுத்த மேஜர் வரும்போது, வாட்ஸ்அப் குரூப்பில் 4 பேர் சேருங்க. ஆளுக்கு 3 வீரர்கள். ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் எடுக்காதீங்க. 4 சுற்று முடிந்ததும் கூட்டிப் பாருங்க. காசு வேண்டாம். தோற்றவர் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தரட்டும். அசிங்கமா ஒரு கோப்பை செய்து அவர் வீட்டு டிவி மேல வெச்சிட்டு வாங்க.

ரெய்டர்ஸ் அணி 1995-ல் ஓக்லாண்டுக்குத் திரும்பி வந்தது. 2020-ல் மறுபடியும் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டது. பணம் எங்கே அதிகமோ அங்கே அணி போகும். கூட உட்கார்ந்து ஸ்கோர் கூட்டிய நண்பர்கள் அப்படிப் போகமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் பில் விங்கன்பாக் தன் ஆட்டத்தை உருவாக்கினார்.

*ஆன்லைன் விளையாட்டில் பணத்தை இழந்து மன உளைச்சலில் இருந்தால் தனியாகச் சுமக்காதீங்க. தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணுக்கோ, மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-க்கோ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.*